எடைப் பயிற்சிக்கு எந்த ஆப்? போன வாரக் கணக்கைச் சட்டென்று காட்டுவது

கடலூரில் மஞ்சக்குப்பம், செம்மண்டலம், திருப்பாதிரிப்புலியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது ஒரு ஜிம் கண்ணில் படும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உள்ளே போனால் பெஞ்சுக்கு ஆள் காத்திருப்பார்கள். அங்கே சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒரு தம்பியிடம், "போன செவ்வாய்க்கிழமை பெஞ்ச் பிரஸ் எத்தனை கிலோ, எத்தனை ரெப் போட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். (பெஞ்சில் படுத்து எடையை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ், ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப்.) பெரும்பாலும் பதில் வராது. மாஸ்டரிடம் கேட்டால், "நாப்பது பேர் கணக்கை நான் எப்படிப்பா ஞாபகம் வச்சிக்கிறது? போன தடவை போட்டதுக்கு மேல கொஞ்சம் ஏத்திப் போடு" என்பார். அவர் சொல்வது மிகச் சரி. ஆனால் போன தடவை போட்டது எவ்வளவு என்று தெரிந்தால்தானே அதற்கு மேல் ஏற்ற முடியும்?

எடைப் பயிற்சிக்கான ஆப்கள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இருக்கின்றன. பிளே ஸ்டோரில் தேடினால் வரிசையாக வந்து விழும். ஒன்று வரைபடம் காட்டும், ஒன்று மெடல் கொடுக்கும், ஒன்று கலோரி சொல்லும், இன்னொன்று ஏஐ பயிற்சியாளர் என்று பெயர் போட்டுக்கொள்ளும். புதிதாக ஆரம்பிப்பவர் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிடலாம். முதலில் இரண்டே விஷயங்களைப் பாருங்கள். போன முறை செய்ததை, இன்றைய எண்ணை எழுதும் இடத்திலேயே அது காட்டுகிறதா? நீங்கள் எழுதி வைத்ததை நாளைக்கு வெளியே எடுத்துக்கொண்டு போக விடுகிறதா? இந்த இரண்டும் இருந்தால் மற்றவை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த இரண்டும் இல்லையென்றால் மற்றவை இருந்தும் பயனில்லை.

எழுதி வைப்பது எதற்கு

ஒரே எடையை, ஒரே எண்ணிக்கையில் மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டிருந்தால் உடம்பு அதற்குப் பழகி அங்கேயே நின்றுவிடும். பழகிய வேலையை விடச் சற்று அதிகமாகக் கேட்டால்தான் தசை மேலும் வலுப்பெறும். தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தார். அடிபட்டு வந்த வீரர்களுக்கு லேசான எடையைக் கொடுத்துப் பல தடவை தூக்கச் சொல்வதுதான் அப்போதைய வழக்கம். டிலோர்ம் அதை மாற்றிக் கனமான எடையைக் கொடுத்தார். ஒருவரால் சரியாகப் பத்து தடவை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று வாரந்தோறும் சோதித்துக் குறித்துக்கொண்டு, அதை வைத்து எடையைக் கூட்டிக்கொண்டே போனார். 1945-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்று நம் ஜிம்மில் 'மூணு செட், பத்து ரெப்' (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து போடும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட்) என்று சொல்வதன் வேர் பெரும்பாலும் அவருடைய வேலையில்தான் இருக்கிறது. கவனித்துப் பாருங்கள், அந்த முறை முழுக்கக் குறிப்பேட்டை நம்பியே நடக்கிறது. போன வார எண் இல்லாமல் இந்த வார எடை இல்லை.

நம் ஊர் ஜிம்முக்குப் பொருத்திப் பார்ப்போம். நீங்கள் பெஞ்ச் பிரஸ் 30 கிலோவில் ஆரம்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ ராட், பக்கத்துக்கு ஒரு 5 கிலோ பிளேட். முதல் நாள் மூன்று செட்டில் 10, 9, 8 ரெப் வருகிறது. அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும்? உடனே எடையைக் கூட்ட ஆசை வரும். ஆனால் பல ஜிம்களில் இருக்கிற சிறிய பிளேட்டே 2.5 கிலோதான். இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ கூடிவிடும். 30-க்கு 5 என்பது ஆறில் ஒரு பங்கு. புதியவருக்கு அது பெரிய தாவல், ரெப் சட்டென்று ஐந்துக்கு இறங்கிவிடும். அதனால் முதலில் ரெப்பைக் கூட்டுங்கள். 10, 9, 8 என்பது அடுத்த தடவை 10, 10, 9 ஆகட்டும். அதற்கடுத்து 11, 10, 10. இப்படி மூன்று செட்டும் 12-ஐத் தொட்ட பிறகு 35 கிலோவுக்குப் போனால், ரெப் எட்டு ஒன்பதுக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடியும் ஏறும்.

இந்த முறையில் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு ரெப்தான். அதை மனதில் வைத்திருக்க யாராலும் முடியாது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் மூன்று செட் என்றால் வாரத்துக்கு 45 செட். ஞாபகம் எங்கே போதும்?

செட்டுக்கு நடுவே அது எப்படி நடந்துகொள்கிறது

ஒரு நல்ல ஆப்பைத் திறந்து பயிற்சியை ஆரம்பித்தால், ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் போன தடவை போட்டது மங்கலான எழுத்தில் தெரியும், பக்கத்தில் இன்றைய எடையும் ரெப்பும் போடக் கட்டம் இருக்கும். எண்ணைப் போட்டு டிக் அடித்தால் ஓய்வு நேர டைமர் தானாக ஓட ஆரம்பிக்கும். இவ்வளவுதான். போன தடவைக் கணக்கைப் பார்க்க வேறு பக்கத்துக்குப் போய், காலண்டரில் தேதியைத் தேடி, திரும்பி வர வேண்டியிருந்தால் அந்த ஆப் உங்களுக்கு வேண்டாம். இரண்டு வாரத்தில் எழுதுவதையே விட்டுவிடுவீர்கள்.

விரல் விஷயத்தையும் யோசியுங்கள். கடலோர ஊரில் மே மாதம் ஜிம்முக்குள் வியர்வை எப்படி ஊற்றும் என்று சொல்லத் தேவையில்லை. ஈர விரலுக்குப் போன் திரை சரியாக ஒத்துழைக்காது. சின்னச் சின்னப் பொத்தான், இங்கும் அங்கும் இழுக்கும் சக்கரம் என்றிருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். எண்கள் பெரிதாகவும், போன தடவை எண்ணை ஒரே தொடுதலில் அப்படியே நிரப்பும் வசதியோடும் இருப்பது நல்லது. தகரக் கூரைக்குக் கீழேயோ கட்டடத்தின் அடித்தளத்திலேயோ உள்ள ஜிம்களில் சிக்னல் கிடைக்காது. ஆகவே இணையம் இல்லாமலும் அது வேலை செய்தாக வேண்டும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு செட்டை எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் ஜிம் இரும்பும் ஆப்பின் கணக்கும்

இதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். வெளிநாட்டில் செய்யப்பட்ட ஆப்கள், ராட் என்றால் 20 கிலோ என்று எடுத்துக்கொண்டு எந்தப் பக்கத்துக்கு எந்தப் பிளேட் என்று கணக்குப் போட்டுத் தரும். ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டிகளில் ஆண்கள் ராட் 20 கிலோ, பெண்கள் ராட் 15 கிலோ என்பது உண்மைதான். ஆனால் நம் பக்கத்து ஜிம்மில் ஐந்தடி ராட், ஆறடி ராட், வளைந்த ராட் என்று பலவிதம் கிடக்கும், எடை ஒவ்வொன்றுக்கும் வேறு. மாஸ்டரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், உடல் எடை பார்க்கும் மெஷினில் ராடைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவையும் வெறும் கையோடு ஒரு தடவையும் நின்று கழித்துப் பாருங்கள். ஆப்பில் ராட் எடையை மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்து அந்த எண்ணைப் போட்டுவிடுங்கள். வழி இல்லாவிட்டால் பிளேட் எடையை மட்டும் எழுதுங்கள். ஆனால் எப்போதும் அப்படியே எழுதுங்கள்.

டம்பெல்லுக்கும் இதே கதைதான். இரண்டு கையிலும் 10 கிலோ பிடித்தால் 10 என்று எழுதுவதா, 20 என்று எழுதுவதா? எது வேண்டுமானாலும் சரி. ஒரு கையின் எடையை எழுதுவது எளிது, அதையே வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஒரு வாரம் 10, மறு வாரம் 20 என்று மாறினால்தான் வரைபடம் பொய் சொல்லும்.

கேபிள் மெஷின்களில் இன்னொரு சிக்கல். சில மெஷின்களில் அடுக்கின் மேல் உள்ள எண் கிலோ, சிலவற்றில் பவுண்ட். மேலிருந்து கம்பியை நெஞ்சுப் பக்கம் இழுக்கும் லாட் புல்டவுனில் 100 என்று எழுதியிருந்து அது பவுண்டாக இருந்தால், கிலோவில் 45-தான். சிலவற்றில் 1, 2, 3 என்று வெறும் வரிசை எண் மட்டும் இருக்கும். கடல் காற்றில் துருப்பிடித்து எண்ணே அழிந்துபோன அடுக்குகளும் உண்டு. மொத்த ஆப்புக்கும் ஒரே அளவு என்று கட்டாயப்படுத்தாமல், ஒவ்வொரு பயிற்சிக்கும் கிலோவா பவுண்டா என்று தனியே வைக்க விடும் ஆப் இங்கே உதவும். அது இல்லாவிட்டால் அடுக்கில் எத்தனையாவது தட்டு என்று எண்ணி எழுதினாலும் போதும். உங்களுக்கு வேண்டியது போன வாரத்தோடு ஒப்பிடுவதுதானே.

கப்பிகளின் அமைப்பு மெஷினுக்கு மெஷின் மாறும், உராய்வும் மாறும். கடலூரில் 45 கிலோவில் இழுத்தவர் வேலைக்காகப் புதுச்சேரி லாஸ்பேட்டைப் பக்கம் குடிபோய் அங்கே 35-லேயே திணறினால், பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புது ஜிம் மெஷினைப் புதுப் பயிற்சியாகப் பெயர் வைத்து எழுதுங்கள்: 'லாட் புல்டவுன் – லாஸ்பேட்டை' என்று. ராட், டம்பெல் பயிற்சிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரும்பின் எடை எங்கே போனாலும் ஒன்றுதான்.

பெயர் வைப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தக் கரையோரத்தில் கர்லாக்கட்டை சுற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதுச்சேரியில் அதை முறையாகக் கற்றுத் தரவும் செய்கிறார்கள். தண்டால், பஸ்கி எடுக்காத காலை நேர மைதானமும் இல்லை. எந்த வெளிநாட்டு ஆப்பின் பட்டியலிலும் கர்லாக்கட்டையைத் தேடினால் கிடைப்பது சந்தேகம். ஆனால் சொந்தமாகப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ள வழி பெரும்பாலானவற்றில் உண்டு. பெயரைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். அப்படிச் சேர்க்கும்போது அந்தப் பயிற்சி எந்த வகை என்று கேட்கும்: எடையும் ரெப்புமா, உடல் எடை மட்டுமா, நேரமா, தூரமா? கர்லாவுக்குக் கட்டையின் எடையும் சுற்றின் எண்ணிக்கையும், தண்டாலுக்கு வெறும் எண்ணிக்கை. போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளுக்கு ஓட்டத்தின் தூரத்தையும் நேரத்தையும் எழுத இடம் வேண்டும். ஆண்களுக்குக் கயிறு ஏறுதலும் இருக்கிறது. இலவசப் பதிப்பில் எத்தனை சொந்தப் பயிற்சிகள் சேர்க்கலாம் என்பதற்குச் சில ஆப்கள் வரம்பு வைத்திருக்கின்றன. நம் ஊர்ப் பயிற்சிகளைச் செய்பவர்கள் அதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்

பயிற்சி முடிந்ததும் ஆப் இரண்டு எண்களைப் பெரிதாகக் காட்டும். முதலாவது, மொத்தம் தூக்கிய எடை. 30 கிலோவை 27 தடவை தூக்கினால் 810 கிலோ என்று வரும். ஒரே பயிற்சியைப் போன வாரத்தோடு ஒப்பிட இது உதவும். மொத்த நாளுக்கும் சேர்த்துப் பார்த்தால் உதவாது. லெக் பிரஸ் ஒரு செட் கூடுதலாகப் போட்டாலே அந்த எண் எகிறிவிடும், உங்கள் பெஞ்ச் பிரஸ் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

இரண்டாவது, நீங்கள் ஒரே ஒரு தடவை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்ற மதிப்பீடு. ஆப் இதைச் சூத்திரம் போட்டுச் சொல்கிறது. பரவலாகப் பயன்படும் எப்லி சூத்திரம், ரெப்பை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கச் சொல்கிறது. பிரிஸ்கி சூத்திரம், எடையை 36-ஆல் பெருக்கி, 37-லிருந்து ரெப்பைக் கழித்து வந்த எண்ணால் வகுக்கச் சொல்கிறது. 40 கிலோவை 9 ரெப் போட்டால் முதலாவது 52 கிலோ என்கிறது, இரண்டாவது ஏறக்குறைய 51.4. கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்து ரெப்பில் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே விடை தரும். ஆனால் 30 கிலோவை 20 ரெப் போட்டுப் பாருங்கள். எப்லி 50 என்கிறது, பிரிஸ்கி 63.5 என்கிறது! தூக்கியவர் ஒருவர்தான், எடையும் ஒன்றுதான், ஆனால் 13 கிலோ வித்தியாசம். ஆகவே பத்து ரெப்புக்குள் போட்ட செட்டுக்கு அந்த மதிப்பீட்டைப் பார்க்கலாம், அதற்கு மேல் கணக்கில் எடுக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் ஆப் 52 என்று சொன்னது என்பதற்காக, பிடிக்க ஆள் இல்லாமல் 52 கிலோவை நெஞ்சுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

கலோரி எண்ணைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. எடைப் பயிற்சிக்கு அது தோராயம். அதை நம்பி ஒரு பரோட்டாவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எண்களை விடப் பயனுள்ளது, செட் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்ற குறிப்பு. நிறுத்தும்போது இன்னும் எத்தனை ரெப் போட்டிருக்க முடியும் என்று உங்களையே கேளுங்கள். பல ஆப்களில் இதற்கு ஆர்பிஇ என்று ஒரு கட்டம் இருக்கும். 10 என்றால் இன்னொன்று கூட முடியாது, 8 என்றால் இன்னும் இரண்டு போட்டிருக்கலாம். புதியவர்களுக்கு இந்த மதிப்பீடு முதலில் சரியாக வராது, போகப் போக வரும். 'தூக்கம் இல்லை', 'தோள் வலி' என்று குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தாலே பெரிய உதவி. மூன்று வாரம் கழித்து அதே வலி வரும்போது எப்போதிலிருந்து என்று அந்தக் குறிப்புதான் சொல்லும்.

சில பெயர்கள்

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் புதியவருக்கு நான் முதலில் சொல்வது ஃபிட்நோட்ஸ். தோற்றம் பழையதாக இருக்கும், படங்கள் இல்லை. ஆனால் இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்கு உங்கள் போனிலேயே இருக்கும், கோப்பாக வெளியே எடுக்கவும் முடியும். ஸ்ட்ராங், ஹெவி இரண்டும் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. போன தடவைக் கணக்கை வரிக்கு வரி காட்டும் வேலையை இரண்டும் அழகாகச் செய்கின்றன. இலவசப் பதிப்பில் சில வசதிகளுக்கு வரம்பு இருந்தாலும், வாரத்துக்கு மூன்று நாள் திட்டம் வைத்திருக்கும் புதியவருக்கு அது பெரும்பாலும் போதும். ஹெவியில் நண்பர்களின் பயிற்சியையும் பார்க்கலாம். ஜிம் கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து ஊக்கப்படுத்திக்கொள்பவர்களுக்கு அது பிடிக்கும்.

ஸ்ட்ராங்லிஃப்ட்ஸ் என்பது கணக்கோடு திட்டத்தையும் சேர்த்தே தருவது. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் போன்ற ஐந்து பயிற்சிகள், ஐந்து ரெப் வீதம், ஒவ்வொரு முறையும் பொதுவாக 2.5 கிலோ ஏற்றம். யோசிக்க வேண்டாதவர்களுக்கு நல்லது. ஆனால் 2.5 கிலோ ஏற்ற 1.25 கிலோ பிளேட் ஜோடி வேண்டும். உங்கள் ஜிம்மில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். இல்லையென்றால் ஜிம் ஓனரிடம் கேட்டு ஒரு ஜோடி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் உதவும்.

ஃபிட்பாட் மாதிரியானவை இன்று என்ன செய்ய வேண்டும் என்று தாங்களே தீர்மானித்துச் சொல்லும். அனுபவம் உள்ளவர் பயணத்தில் இருக்கும்போது அது பயன்படலாம். முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பேன். நாளுக்கொரு பயிற்சி மாறிக்கொண்டே இருந்தால் போன வாரத்தோடு எதை ஒப்பிடுவது? மாஸ்டர் கொடுத்த ஐந்தாறு பயிற்சிகளையே திரும்பத் திரும்பச் செய்து, எண் ஏறுவதைப் பாருங்கள்.

பணமும் அந்தரங்கமும்

கணக்கை வெளியே எடுப்பது என்றேன். அமைப்புகளுக்குள் எக்ஸ்போர்ட் என்று இருக்கும். அழுத்தினால் சிஎஸ்வி என்ற கோப்பு வரும், எக்ஸெல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ திறக்கலாம். அந்த வசதிக்குக் காசு கேட்கிறதா என்பதைச் சேரும்போதே பாருங்கள். இரண்டு வருடக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு பார்த்தால் தாமதம். ஸ்ட்ராங்கிலிருந்து எடுத்த கோப்பை ஹெவி ஏற்றுக்கொள்ளும். எல்லா ஆப்களும் அப்படி இல்லை.

இலவச சோதனைக் காலம் என்று சொல்லி யுபிஐ ஆட்டோபேக்கு அனுமதி கேட்கும்போது தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பைப் போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பக்கத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

கணக்கு தொடங்கியதும் உங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ராவா என்ற ஓட்ட ஆப், பயனர்கள் ஓடிய தடங்களைச் சேர்த்து உலக வரைபடமாக 2017-ல் வெளியிட்டது. ராணுவ முகாம்கள் இருக்கும் இடங்கள் அதில் தெரிந்தது 2018-ல் பெரிய செய்தியானது. நமக்கு ராணுவ ரகசியம் இல்லை. ஆனால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஜிம்மில் இருப்பீர்கள் என்பது முன்பின் தெரியாதவருக்குத் தெரிய வேண்டியதில்லை, பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். உடம்பின் படங்களை ஆப்பில் ஏற்றாமல் போனிலேயே வைத்துக்கொள்வது நல்லது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் தரவை நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஆனாலும் கொடுக்காமல் இருந்ததை நீக்கச் சொல்லித் திண்டாட வேண்டியதில்லை அல்லவா?

தேர்ந்தெடுக்க ஒரு நாள் போதும். இரண்டு ஆப்களை இறக்கிக்கொண்டு போய், முதல் பயிற்சியை ஒன்றிலும் இரண்டாவதை மற்றதிலும் எழுதுங்கள். அடுத்த ஜிம் நாளில் இரண்டையும் திறந்து, போன தடவை எண் எதில் முதலில் கண்ணில் படுகிறது என்று பாருங்கள். அதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். இரண்டுமே பிடிக்கவில்லையா? ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். தேதி, பயிற்சி, எடை, ஒவ்வொரு செட்டின் ரெப், அவ்வளவுதான் எழுத வேண்டியது. பின்னால் ஆப்புக்கு மாற நினைத்தால் கடைசி இரண்டு வாரக் கணக்கை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு முந்தையது நோட்டிலேயே இருக்கட்டும்.